ஒரு ‘தாப்பா’வும் யாழினியின் விரலும்

போன வாரம் சுங்கைப் பட்டாணி நீதிமன்றத்திலிருந்து திவ்யா எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். நான் ஓய்வுபெற்று எழுந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் அவள்தான். “கலாக்கா, ஒரு சாட்சி வாயத் தொறந்தா தாப்பா, தாப்பாங்கிறாரு. இத எப்படிக்கா மலாய்ல சொல்றது? இதுவே மலாய்தானே லா?” அடுப்பில் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தேன். நான் சிரித்து முடிப்பதற்குள் நெத்திலி கரியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் அன்றைக்கு வெறும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டார்.

பேராக்கில் தாப்பா என்று ஓர் ஊர் இருக்கிறது. அது இல்லை இது. மலாயில் ‘தாக் அப்பா’ என்றால் பரவாயில்லை, ஒன்றுமில்லை என்று பொருள். கெடாவில் அதைச் சுருக்கித் தாப்பா என்போம். பசார் நெரிசலில் ஒருவர் காலை மிதித்துவிட்டால் மிதிபட்டவர் தாப்பா என்பார். கல்யாண வீட்டில் சாம்பார் தீர்ந்துபோனால் இலையில் உட்கார்ந்திருப்பவர் தாப்பா என்பார். பல்லைப் பிடுங்கிய டாக்டர் மன்னிப்புக் கேட்டால் வாயில் பஞ்சோடு நாமும் தாப்பா என்போம். இந்தச் சொல் ஒரு தாயைக் கிட்டத்தட்டக் குற்றவாளி ஆக்கப் பார்த்த கதையைத் திவ்யாவுக்குக் குரல் பதிவில் சொல்ல ஆரம்பித்தேன். சிரிப்பு குறுக்கே வந்து வந்து பதிவு அறுந்துபோனது. எழுதியே அனுப்புகிறேன் என்று சொல்லி உட்கார்ந்தது, இப்படிக் கட்டுரையாக வளர்ந்துவிட்டது.

முப்பத்தொரு வருடம் நான் பார்த்த வேலையில் ஒரு வேடிக்கை உண்டு. மொழிபெயர்ப்பாளர் “அவர் சொல்கிறார்” என்று சொல்லக் கூடாது. சாட்சி ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். அப்படி என் வாயால் நான் பத்து லோரி செம்பனைக் குலை திருடியிருக்கிறேன். ஒரே நேரத்தில் மூன்று மனைவிகளை வைத்துச் சமாளித்திருக்கிறேன். மச்சானைப் பாராங்கத்தியோடு துரத்தியிருக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் வீட்டுக்காரர் கதவைத் திறக்கும்போதே கேட்பார், “இன்னைக்கு யார வெட்டுன?”

நான் வேலை பழகிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பரீட்சை எழுதினேன், மூன்று மாதம் இன்னொருவருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன், நான்காவது மாதம் தனியாக நிறுத்திவிட்டார்கள். நான் டவுனில் வளர்ந்தவள். முதல் வாரமே கரங்கான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா சாட்சி சொல்ல வந்தார். ஆள் என் தோள் உயரம்கூட இல்லை. “காலையில பத்து மணிக்குள்ள நானூறு மரம் வெட்டிட்டு வந்துட்டேன் துவான்” என்றார். துவான் என்றால் மலாயில் ஐயா. நானும் நானூறு மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு வந்தேன் என்று கம்பீரமாக மலாயில் சொன்னேன். மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டு அந்த அம்மாவின் கைகளையே பார்த்தார். தனியாகவா என்று கேட்டார். “பின்ன, தொணைக்கு யாரு வருவா?” என்றார் அவர். தோட்டத்தில் மரம் வெட்டுவது என்றால் பால் எடுக்க ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவுவது என்று எனக்கு யாரோ காதில் சொன்னபோது, மரங்களை வெட்ட அனுமதி கொடுத்தது யார் என்கிற வரைக்கும் விசாரணை போயிருந்தது.

அன்றைக்கு ஒன்று உறைத்தது. சொல் தெரிந்தால் போதாது, அது யார் வாயிலிருந்து வருகிறது என்றும் தெரிய வேண்டும். ஆனால் அது தெரிந்தாலும் நானாக விளக்கக் கூடாது. விளக்குவது வக்கீலின் வேலை, எடைபோடுவது நீதிபதியின் வேலை, சொன்னதைச் சொல்வது மட்டும்தான் என் வேலை. வாயாடி ஒருத்திக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

என் கடைசி ஆறு வருடங்கள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஒரு மலாய்ப் பெண் நீதிபதியிடம் போயின. நாங்கள் அவரைப் புவான், அதாவது அம்மையார், என்று அழைப்போம். அறையில் எல்லாவற்றையும் பதிவு செய்யும் இயந்திரம் வந்த பிறகும் அவர் பச்சை மைப் பேனாவால் கையெழுத்திலேயே குறிப்பு எடுத்தார். குரலை உயர்த்தவே மாட்டார். யாராவது வளவளவென்று பேசினால் கண்ணாடியைக் கழற்றுவார். அவ்வளவுதான், பினாங்கிலிருந்து வரும் பெரிய வக்கீல்கூட வாக்கியத்தைப் பாதியில் முடித்துக்கொள்வார். சாட்சி விடும் ஒரு சத்தத்தைக்கூட அவர் விடமாட்டார். ஒருமுறை ஓர் ஆச்சி வக்கீலின் கேள்விக்கு ‘ம்க்கும்’ என்று மட்டும் சொன்னார். புவான் பேனாவைத் தூக்கிப் பிடித்து என்னைப் பார்த்தார். “புவான், அது சொல் இல்லை, சத்தம்” என்றேன். என்ன பொருள் என்று கேட்டார். நீ சொல்வதை நம்பவும் மாட்டேன், உன்னோடு வாதாடவும் மாட்டேன் என்று பொருள் என்றேன். அவர் அதைப் பொறுமையாகப் பச்சை மையில் எழுதிக்கொண்டார்.

யாழினியின் வழக்கு அவர் முன்னால்தான் வந்தது.

யாழினிக்கு அப்போது ஐந்து வயது. அம்மா தேவகி கரங்கான் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவர், கல்யாணமாகிக் குருணுக்கு வந்து ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அப்பா சரவணன் லோரி ஓட்டுநர். தீபாவளிக்கு முந்திய வாரம் தாயும் மகளும் ஒரு பேரங்காடிக்குப் போனார்கள். பெயர் வேண்டாம். தேவகி மேல் தட்டிலிருந்து எண்ணெய்ப் போத்தலை எடுக்க மகளின் கையை விட்டார். பக்கத்து இரும்புத் தட்டின் விளிம்பில் இருக்க வேண்டிய ரப்பர் மூடி கழன்று போயிருந்தது. அந்த விளிம்பில், சரியாக ஐந்து வயதுப் பிள்ளையின் உயரத்தில், கடைக்காரர்கள் ஓர் அட்டை முயலைத் தொங்கவிட்டிருந்தார்கள். முயலைத் தொடப்போன யாழினியின் வலது ஆள்காட்டி விரல் உள்நரம்பு வரை வெட்டுப்பட்டுவிட்டது.

அதன் பிறகு அந்தக் குடும்பம் பட்ட அலைச்சலைச் சொல்கிறேன், ஏனென்றால் இப்படி ஏதாவது நடந்தால் எங்கள் குடியிருப்புத் தாமானில் இன்றும் என் வீட்டு கேட்டைத்தான் தட்டுகிறார்கள். மூன்றாம் நாள் கடையிலிருந்து ஒரு பரிசுக்கூடையும் ஒரு தாளும் வந்தன. கூடை வந்து சேர்ந்ததற்கான கையெழுத்து என்று நினைத்து தேவகி தாளில் போட்டுக்கொடுத்தார். இனிமேல் கடைமீது எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் இருந்தது. சரவணன் போலீசில் ஒரு புகார் எழுதிக் கொடுத்தார். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தின் முகப்பில் போய் நின்றார். கெட்டுப்போன பிரிட்ஜுக்கு இங்கே வரலாம், உடல் காயத்துக்கு இங்கே இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் கிறிஸ்டினா என்ற தமிழ் வக்கீலிடம் வந்து சேர்ந்தார்.

கிறிஸ்டினா தேவாலயத்தில் பாடுகிறவர். சட்டத்தையும் அதே குரலில் சொல்வார். பிள்ளையின் உரிமையை அம்மா ஒரு கூடைக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட முடியாது, நீதிமன்றம் ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும் என்றார். பிள்ளைக்காக அப்பா வழக்குப் போடலாம் என்றார். பிள்ளை வளர்கிற வரை வழக்குப் போடும் காலம் காத்திருக்கும், ஆனால் கடையின் கேமராப் பதிவு காத்திருக்காது, அதை அழிக்கக் கூடாது என்று இன்றைக்கே கடிதம் போக வேண்டும் என்றார். கடிதம் அன்றைக்கே போனது. அது போகாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையும் இல்லை.

கடைத் தரப்பு சும்மா இருக்கவில்லை. தவறு பிள்ளையின் கையை விட்ட தாயுடையது என்று சொல்லி தேவகியையே மூன்றாம் தரப்பாக வழக்குக்குள் இழுத்தார்கள். அதாவது, நீதிபதி ஒப்புக்கொண்டால் தன் மகளின் விரல் வெட்டுப்பட்டதற்குத் தானே காரணம் என்று தேவகியின் பெயரிலேயே ஒரு தீர்ப்பு வந்துவிடும். அவர்களுடைய பெரிய ஆயுதம் கடையின் சம்பவப் புத்தகத்தில் இருந்த ஒரு வரி. விபத்தன்று மேனேஜர் மலாயில் எழுதியது: “தாய் தாக் அப்பா என்றார்.” தாயே பரவாயில்லை என்றுவிட்டார் பாருங்கள் என்றார் கடையின் வக்கீல். தலைமுடியை வழுக்க வாரி, காலில் பளபளப்பான சப்பாத்தோடு வந்திருந்த இளைஞர் அவர்.

முதல் நாள் புவான் யாழினியைத் தன் அறைக்கு அழைத்து விரலைப் பார்த்தார். வக்கீல்கள் சுவரோரமாக நின்றார்கள். யாழினி அதற்குள் பள்ளியில் முதலாம் ஆண்டு போய்விட்டாள். கையை மடக்கிக் காட்டச் சொன்னார் புவான். நான்கு விரல்கள் மடங்கின. ஆள்காட்டி விரல் மட்டும் மடங்காமல் நேராகப் புவானின் மூக்கை நோக்கி நின்றது.

“டீச்சர் ஏசுறாங்க, நான் ஆளக் காட்டுறேனாம்” என்றாள் யாழினி. “நான் காட்டல. அதுவாத்தான் காட்டுது.”

நான் மொழிபெயர்த்தேன். வலித்ததா என்று புவான் கேட்டார். “அப்ப வலிச்சிச்சு. அம்மாதான் ரொம்ப அழுதாங்க” என்றாள். பிறகு, கேட்காமலேயே, பச்சைப் பேனா தனக்கு வேண்டும் என்றாள். அதையும் மொழிபெயர்த்தேன்; என் வேலை அது. இன்னொரு அறுவை சிகிச்சை செய்து பயிற்சியும் கொடுத்தால் விரல் ஓரளவு மடங்கும், ஆனால் நரம்பு இறுகிப்போவதற்குள் செய்ய வேண்டும் என்று டாக்டரின் அறிக்கை சொன்னது. நரம்பு இறுகும் வேகத்தோடு போட்டி போட்டுக்கொண்டுதான் வழக்கு நடந்தது.

அடுத்து சான்றுப் பொருள். அந்த இரும்புத் தட்டையே கழற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். எண் எழுதிய சீட்டை அதில் ஒட்டி, இரண்டு கையாலும் தூக்கி, புவானின் மேசையில் வைத்தேன். புவான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். அதை விளிம்பின் மேல் மெதுவாக இழுத்தார். தாள் இரண்டானது. இரண்டு துண்டுகளையும் சேர்த்து கோப்பில் வைத்துவிட்டு, “தொடரலாம்” என்றார்.

பிறகு தேவகி கூண்டில் ஏறினார். மலாய் நன்றாகப் பேசுவார், ஆனாலும் பயத்தில் தமிழில்தான் வரும் என்றார். கடையின் வக்கீல் நேராக விஷயத்துக்கு வந்தார். மேனேஜரிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்?

“அவுங்க சாரி சாரின்னாங்க. நான் தாப்பான்னேன்.”

நான் வாயைத் திறந்தேன். அவர்கள் சாரி சொன்னார்கள் என்பதைச் சொல்லிவிட்டேன். மிச்சத்துக்கு வந்தபோது நிறுத்திக்கொண்டேன். தேவகி சொன்ன தாப்பாவை நான் தாக் அப்பா என்று சொன்னால் அது சம்பவப் புத்தகத்து வரியாகவே ஆகிவிடும். சொல்லாமல் விட்டால் என் சத்தியத்துக்குத் துரோகம். அது பசாரில் கால் மிதிபட்டவர் சொல்கிற தாப்பாதான் என்று எனக்குத் தெரியும், அறையில் இருக்கும் காவலருக்கும் தெரியும், சொல்லத்தான் எனக்கு உரிமையில்லை.

“ஏன் மொழிபெயர்ப்பாளர் நிறுத்திவிட்டார்?” என்றார் புவான்.

“புவான், அந்தச் சொல் ஏற்கெனவே மலாயில்தான் இருக்கிறது. மொழிபெயர்க்க என்னிடம் ஒன்றும் இல்லை.”

அறை முழுக்கச் சிரித்தது. கடையின் வக்கீலும் சிரித்தார். அவருக்குத்தான் அதில் லாபம். புவான் கண்ணாடியைக் கழற்றினார், சிரிப்பு நின்றது. அவரே தேவகியிடம் கேட்டார்: அப்படிச் சொன்னபோது என்ன நினைத்துச் சொன்னீர்கள்?

“என்ன நெனைக்கிறது புவான்? புள்ள கையில ரத்தம் ஊத்துது. அந்தத் தம்பி மூஞ்சி வெளுத்துப் போயி, சாரி கக்கா சாரி கக்கான்னு நிக்குறாரு. அவரு சொந்தப் புள்ளயா இருந்தாலும் அப்படித்தான் நின்னுருப்பாரு. வேற என்ன சொல்றது?”

கக்கா என்றால் மலாயில் அக்கா. இதை நான் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பளபள சப்பாத்து விடவில்லை. வீட்டில் கணவர் உங்களைக் குறை சொல்லவில்லையா என்று கேட்டார். தேவகி பின் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

“அவரு ஒன்னும் சொல்லல சார். ரெண்டு வருசமாச்சு. தப்புன்னும் சொல்லல, தப்பில்லன்னும் சொல்லல. அதான் எனக்குத் தூக்கம் வர்றதில்ல.”

“என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை” என்று நான் மலாயில் ஆரம்பித்தேன். வேறு நாளாக இருந்தால் அந்த வாக்கியம் என் வாயில் நல்ல நகைச்சுவை. என் வீட்டுக்காரர் அப்படி ஒரு நாள்கூட இருந்ததில்லை. அன்றைக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. பின் வரிசையில் சரவணன் தன் சப்பாத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவரை ஒரு குலுக்குக் குலுக்க வேண்டும்போல் கோபம் வந்தது.

மறுநாள் கடையின் மேனேஜர் சாட்சி. பாவம், நல்ல பிள்ளை. மலாயில் பேசியதால் எனக்கு வேலையில்லை. மேசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடையின் வக்கீல் சம்பவப் புத்தகத்தைக் கையில் பிடித்து, அந்த வரியைத் தன் சாட்சியின் வாயாலேயே படிக்க வைத்தார். தாக் அப்பா என்று தாய் சொன்னதாக எழுதியிருக்கிறதல்லவா? ஆமாம். அதற்குப் பொருள், கடைமீது குறையில்லை என்பதுதானே? மேனேஜர் யோசித்தார். யோசிக்க விடக் கூடாது என்று வக்கீல் புத்தகத்தை அவர் பக்கம் வேகமாக நீட்டினார். புத்தகத்தின் மூலை சாட்சிக் கூண்டில் இருந்த தண்ணீர்க் கோப்பையைத் தட்டியது. தண்ணீர் முழுவதும் மேனேஜரின் கால்சட்டையில் கொட்டியது, அதுவும் கொட்டக் கூடாத இடத்தில்.

“ஐயோ, மன்னிக்கணும், மன்னிக்கணும்” என்றார் வக்கீல்.

“தாக் அப்பா, தாக் அப்பா” என்றார் மேனேஜர்.

மேனேஜர் தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டு, ஈரக் கால்சட்டையோடு அப்படியே நின்றார். கிறிஸ்டினா பாட்டுக்கு எழுவது மாதிரி மெதுவாக எழுந்தார். அந்தச் சொல்லைப் பதிவில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். புவான் பேனாவால் சுவரில் இருந்த ஒலிவாங்கியைக் காட்டி, “அது ஏற்கெனவே சேர்ந்துவிட்டது” என்றார்.

நான் பேனாவைக் கீழே போட்டுவிட்டு, அதைத் தேடும் சாக்கில் மேசைக்கு அடியில் போய்விட்டேன். அங்கே உதட்டைக் கடித்துக்கொண்டு குலுங்கினேன். மேலே காவலர் இருமினார். அது இருமல் இல்லை. நான் எழுந்து உட்கார்ந்தபோது கடையின் வக்கீல் காதுவரை சிவந்துபோய், கோப்பையைத் தட்டிவிட்டதற்காகப் புவானிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“தாக் அ...” என்ற புவான் வாயை டக்கென்று மூடிக்கொண்டார்.

அவ்வளவுதான். நான் மறுபடியும் மேசைக்கு அடியில். புவான் பத்து நிமிடம் இடைவேளை விட்டு எழுந்து போனார். அவர் அறைக் கதவு சாத்தியதும் உள்ளேயிருந்து வந்த சத்தத்தை நான் எந்த மொழியிலும் பெயர்க்க மாட்டேன்.

தீர்ப்பு ஆறு வாரம் கழித்து வந்தது. தவறு முழுக்கக் கடையுடையது. பிள்ளைகளைக் கூப்பிட முயலைத் தொங்கவிட்டவர்கள், பிள்ளைகள் வருவார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். துயரப்படும் ஒருவருக்கு ஆறுதலாகச் சொன்ன சொல்லை ஒப்புதலாக எடுக்க முடியாது. இழப்பீடு யாழினியின் பதினெட்டு வயது வரை அவள் பெயரில் பாதுகாப்பாக இருக்கும். சிகிச்சைக்கு வேண்டியது மட்டும் உடனே கொடுக்கப்படும். சிகிச்சை அந்த மாதமே நடந்தது, விரல் இப்போது முக்கால்வாசி மடங்குகிறது என்று கிறிஸ்டினா சொன்னார். மகிழ்ச்சியில் அன்றைக்கு ஒரே காப்பியில் இரண்டு முறை சர்க்கரை போட்டுவிட்டேன்.

ஆனால் நான் திவ்யாவுக்குச் சொல்ல வந்தது தீர்ப்பு நாளின் கடைசி இரண்டு நிமிடம். தாயின் மீதான மனு தள்ளுபடி என்று படித்து முடித்த புவான், வழக்குக் கோப்பை மூடவில்லை. தேவகியை எழுந்து நிற்கச் சொன்னார். மலாயில், மிகச் சாதாரணமாக, “அம்மா, உங்கள்மேல் தவறில்லை” என்றார். தேவகிக்கு அது புரிந்தது. அவருக்கு மலாய் தெரியும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவர் புவானைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஒங்க மேல தப்பில்ல” என்றேன்.

“அக்கா, அவருக்குக் கேக்குற மாதிரி இன்னொரு தடவ சொல்லுங்க.”

ஒரு வாக்கியத்தை ஒருமுறைதான் சொல்ல வேண்டும், அதையும் சாட்சியைப் பார்த்துத்தான். நான் எழுந்து, பின் வரிசைப் பக்கம் முழுவதுமாகத் திரும்பி, வழக்குக் கூப்பிடும் குரலில் சொன்னேன்: “ஒங்க மேல தப்பில்ல.” புவான் கண்ணாடியைக் கழற்றவில்லை.

சரவணன் எழுந்து நின்றார். மகள் அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் முதன்முறையாகத் தன் மனைவியின் முகத்தைப் பார்த்து, “இத நான் சொல்லியிருக்கணும்” என்றார்.

தமிழில் சொன்னார். நீதிமன்றத்தில் சொன்ன எதையும் நான் மலாயில் சொல்லியாக வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் மொழிபெயர்க்காமல் விட்டேன். புவானும் என்னவென்று கேட்கவில்லை.